தோட்டத்து ஊர்ல இருந்துகிட்டே தெற்காசிய அரசியல், பண்பாடு, பாதுகாப்பு பத்தின பழைய புத்தகங்கள் சேர்க்குறது எப்படி? முழுமையான வழிகாட்டி

மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்கிற நம்ம சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்ல இருக்கிறவங்க நெறைய பேரு நினைக்கிறது என்னன்னா, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் அரசியல் பத்தியோ அங்க நடந்த போர் பத்தியோ நல்ல புத்தகம் வேணும்னா கோலாலம்பூர் போகணும், இல்லாட்டி சென்னையில யாராச்சும் சொந்தக்காரங்க வாங்கி அனுப்பணும்னு. அப்படி இல்லீங்க. நம்ம பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) வீடுகள்லயே, பழைய தோட்டத்துக் கிராணி (கணக்கு எழுதுறவர்) வீட்டு அலமாரியிலேயே இந்த மாதிரி புத்தகம் கெடக்குது, அது கிலோ கணக்குல எடைக்குப் போய்க்கிட்டு இருக்கு, அதத் தடுக்கணும்னுதான் இத எழுதுறேன்.

இன்னொரு விஷயம். பாதுகாப்பு, போர் இதெல்லாம் நமக்கு சம்பந்தமில்லாத பெரிய எடத்து விவகாரம்னு நெனைக்காதீங்க. 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில நம்ம சுங்கை சிப்புட் பக்கத்து எல்பில் தோட்டத்துலயும் பின் சூன் தோட்டத்துலயும் மூணு வெள்ளக்கார துரைங்கள சுட்டுக் கொன்னதுல இருந்துதான் மலாயா அவசரகாலம் (கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோட நடந்த போர்) ஆரம்பிச்சுது, அது 1960 வரைக்கும் போச்சு. கெரில்லா போர் பத்தி உலகத்துல எழுதுற முக்கியமான புத்தகங்கள்ல பெரும்பாலும் மலாயாவுக்குன்னு ஒரு அத்தியாயம் இருக்கும், அந்த அத்தியாயத்தோட ஆரம்பத்துல நம்ம ஊர் பேரு இருக்கும். அதனால இந்தத் துறையில படிக்கிறதுக்கு நமக்கு உரிமையும் இருக்கு, காரணமும் இருக்கு.

படி 1: என்ன தெரிஞ்சுக்கணும்னு ஒரு கேள்விய வச்சுக்கிட்டு கெளம்புங்க

"இந்திய அரசியல் புத்தகம்"னு தேடுனா கண்டதையும் வாங்கி வீடு நெறைஞ்சிடும். அதுக்குப் பதிலா கேள்வியா வச்சுக்கோங்க. நம்ம தாத்தா பாட்டி எப்படி இங்க வந்தாங்க, கங்காணி முறை என்ன, ஜப்பான்காரங்க போட்ட சயாம் மரண ரயில்பாதைக்கு எத்தன தோட்டத்துல இருந்து ஆள் புடிச்சாங்க, நேதாஜி 1943ல சிங்கப்பூர் வந்தப்ப நம்ம தோட்டத்துப் பொண்ணுங்க ஏன் அவரோட ஜான்சி ராணி பெண்கள் படையில சேர்ந்தாங்க, 1987ல இந்திய ராணுவம் யாழ்ப்பாணத்துக்கு ஏன் போச்சு, ஏன் 1990ல திரும்பி வந்துச்சு. இப்படி ஒரு கேள்வி கையில இருந்தா, கடையில ஒரு புத்தகத்த எடுத்து பின்னாடி இண்டெக்ஸ்ல ரெண்டு பேரத் தேடிப் பார்த்தாலே இது நமக்கு வேணுமா வேணாமான்னு தெரிஞ்சிடும். இண்டெக்ஸே இல்லாத வரலாற்றுப் புத்தகம்னா நான் கொஞ்சம் யோசிப்பேன், தமிழ்ப் புத்தகத்துக்கு மட்டும் அந்தக் கணக்கு கெடையாது, பழைய தமிழ்ப் பதிப்புகள்ல இண்டெக்ஸ் போடுற பழக்கம் கொறவு.

படி 2: மொதல்ல சொந்த ஊர்ல தேடுங்க

இதுதான் ரொம்ப முக்கியமான படி, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

தோட்டத்துல யாரு வீட்டுல புத்தகம் இருந்திருக்கும்னு யோசிங்க. லயத்துல (தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகள்ல) இருந்த நம்ம சனங்க வீட்டுல பத்திரிகை இருந்திருக்கும், திராவிடர் கழகப் பிரசுரம் இருந்திருக்கும் (பெரியார் 1929லயும் 1954லயும் மலாயா வந்தாரு, அந்த வேகத்துல வந்த சின்னச் சின்ன வெளியீடுகள் இன்னும் ஆங்காங்க இருக்கு), மணிமன்றம்ங்கிற தமிழ் இளைஞர் மன்றத்துப் படிப்பகத்துல இருந்து வந்த புத்தகம் இருக்கும். இங்கிலீஷ் புத்தகம்னா கிராணி வீடு, டிரசர் (தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குறவர்) வீடு, தமிழ்ப்பள்ளி ஹெட்மாஸ்டர் வீடு, ரயில்வேயில இருந்தவங்க வீடு. கிராணிமார்ல நெறைய பேரு யாழ்ப்பாணத்துக்காரங்க, இல்லன்னா மலையாளிங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க வீட்டுல கொழும்புலயும் யாழ்ப்பாணத்துலயும் அச்சடிச்ச பழைய புத்தகம், பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் மலர் எல்லாம் இருக்க வாய்ப்பு அதிகம்.

இதுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் குடுக்குறேன்னா, 1981ல யாழ்ப்பாணப் பொது நூலகத்த எரிச்சாங்க, சுமார் 97,000 நூல்கள் போச்சுன்னு சொல்றாங்க, அதுல திரும்பக் கெடைக்காத ஏடுகளும் பழைய பதிப்புகளும் இருந்துச்சு. அங்க எரிஞ்சு போனதோட இன்னொரு பிரதி பேராக்ல ஏதோ ஒரு தாமான் வீட்டு ஸ்டோர் ரூம்ல ஒரு மைலோ பெட்டிக்குள்ள இருக்கலாம். நான் இத சும்மா உணர்ச்சிக்காக சொல்லல, 1981க்கு முன்னாடி யாழ்ப்பாணத்துல அச்சான எதைக் கண்டாலும், கிழிஞ்சிருந்தாலும் சரி, அட்டை இல்லாட்டியும் சரி, கீழ வைக்காதீங்க. நூலகம் டாட் ஓஆர்ஜின்னு ஒரு இணைய நூலகம் 2005ல இருந்து இலங்கைத் தமிழ் வெளியீடுகள ஸ்கேன் பண்ணி எல்லாருக்கும் இலவசமா வச்சிருக்கு, அங்க அந்தப் பேரு இருக்கான்னு தேடிப் பாருங்க, இல்லைன்னா அவங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டு இப்படி ஒண்ணு எங்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க.

எப்படிக் கேக்குறது? பெரியவர் ஒருத்தர் தவறிப் போய் கருமாதி முடியுறதுக்குள்ள போய் நிக்காதீங்க. கொஞ்ச நாள் கழிச்சு வீட்டுல யாரு சாமான் ஒதுக்குறாங்களோ, பெரும்பாலும் மகளோ மருமகளோ, அவங்ககிட்ட "அக்கா, ஐயாவோட புத்தகமெல்லாம் என்ன பண்ணலாம்னு இருக்கீங்க, எடைக்குப் போடுறதா இருந்தா நான் ஒரு தடவ பார்த்துக்கட்டுமா"ன்னு நேராக் கேளுங்க. காசு குடுக்குறேன்னு கண்டிப்பா சொல்லுங்க, அவங்க வேணாம்னு சொன்னாலும் சொல்லுங்க. குடும்பப் போட்டோ, பிறப்புப் பத்திரம், பழைய சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் குடுக்குற அடையாள அட்டை) இதெல்லாம் புத்தகத்துக்குள்ள சொருகி இருக்கும், அத மொதல்ல எடுத்து அவங்க கையில குடுத்துட்டு அப்புறம்தான் வெல பேசணும். தோட்டத்துல பொறந்தவங்க நெறைய பேருக்கு பத்திரப் பிரச்சன இன்னும் தீரல, ஒரு பழைய காகிதம் ஒரு குடும்பத்துக்கே தேவைப்படலாம்.

அடுத்தது "சுராட் காபார் லாமா" (பழைய பேப்பர்)னு மைக்ல கூவிக்கிட்டு வர்ற லோரி. அவரு உங்க வீட்டப் பார்த்து வரும்போது நிறுத்தி, "புக்கு லாமா அடா, தவுக்கே?" (பழைய புத்தகம் இருக்கா, முதலாளி?)ன்னு கேளுங்க. புத்தகத்தத் தனியா வச்சா எட வெலைக்கு மேல தருவேன்னு சொல்லி போன் நம்பர் குடுத்து வைங்க. அவருக்கும் லாபம், கூப்பிடுவாரு. பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) பழைய சாமான் விரிக்கிறவங்ககிட்டயும் இதே மாதிரி சொல்லி வைக்கலாம், 3 வெள்ளி (ரிங்கிட்) 5 வெள்ளிக்கு நல்ல சரக்கு வரும்.

வாத்தியார் வீடுகள்ல ஒண்ணு கவனிங்க. 1966 ஏப்ரல்ல கோலாலம்பூர்ல முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்துச்சு, தனிநாயகம் அடிகள் முன்னால நின்னு நடத்துனது, அதோட கட்டுரைத் தொகுதிகள் ரெண்டு பெரிய வால்யூமா வந்துச்சு. அடிகளார் 1952ல ஆரம்பிச்ச இங்கிலீஷ் ஆய்விதழோட பழைய இதழ்களும் சில வீடுகள்ல இருக்கு. மேல அட்டை சாதாரணமா இருக்கும், யாரும் மதிக்க மாட்டாங்க, ஆனா தென்கிழக்கு ஆசியாவுல தமிழர் பண்பாடு பத்தி ஆராய்ச்சி பண்றவங்க இன்னைக்கும் அதத்தான் தேடுறாங்க.

படி 3: அட்டையப் பார்க்காம, தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கத்தப் படிங்க

கதைப் புத்தகம் எந்த வருஷம் வந்தா என்ன. அரசியல், பாதுகாப்புப் புத்தகத்துல வருஷம்தான் உயிர். இலங்கைப் போர் பத்தின புத்தகம் போர் முடிஞ்ச 2009 மேக்கு முன்னாடி எழுதினதா பின்னாடி எழுதினதா, காஷ்மீர் பத்தினது சிறப்பு அந்தஸ்து போன 2019 ஆகஸ்ட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, இந்திய அணுகுண்டு பத்தினது 1998 பொக்ரான் சோதனைக்கு முன்னாடியா பின்னாடியா, நேபாளம் பத்தினது 2008ல மன்னராட்சி போனதுக்கு முன்னாடியா பின்னாடியா. இது தெரியாம படிச்சா ஆசிரியர் சொல்றது ஏன் இப்படி இருக்குன்னே புரியாது. முன்னாடி எழுதினது தப்புன்னு அர்த்தம் இல்ல, முடிவு தெரியாத காலத்துல எழுதினதால அப்ப ஆளுங்க என்ன பயந்தாங்க, என்ன எதிர்பார்த்தாங்கன்னு அதுலதான் சுத்தமாத் தெரியும். நான் பாதி நேரம் அந்த மாதிரி புத்தகத்தத்தான் தேடி வாங்குறேன்.

அந்தப் பின்பக்கத்துல மொதல்ல வந்த வருஷம், மறுபதிப்பு, திருத்திய பதிப்பு எல்லாம் போட்டிருக்கும். மறுபதிப்புன்னா அதே பக்கத்தத் திரும்ப அச்சடிச்சது, திருத்திய பதிப்புன்னா உள்ள மாத்தியிருக்காங்க, ரெண்டையும் ஒண்ணா நெனைக்கக் கூடாது. நமக்கு நெருக்கமான உதாரணமே சொல்றேன். மலாயாப் பல்கலைக்கழகத்துல வரலாறு சொல்லிக் குடுத்த சின்னப்பா அரசரத்தினம், மலேசியா சிங்கப்பூர் இந்தியர் பத்தி எழுதின இங்கிலீஷ் புத்தகம் 1970ல ஆக்ஸ்ஃபோர்ட்ல வந்துச்சு, திருத்திய பதிப்பு 1979ல வந்துச்சு. நடுவுல 1971ல புதிய பொருளாதாரக் கொள்கை வந்து நம்ம நெலமையே மாறிப் போச்சு. ரெண்டு பதிப்பும் கெடைச்சா ரெண்டையும் வாங்குங்க, ஒண்ணுதான் முடியும்னா 1979. கெர்னியல் சிங் சந்து 1969ல கேம்பிரிட்ஜ்ல எழுதின மலாயா இந்தியர் குடியேற்ற வரலாறு, மேப்பும் புள்ளிவிவர அட்டவணையும் நெறைஞ்சது, அத எந்த நெலமையில பார்த்தாலும் எடுத்துடுங்க. அதே மாதிரி ஜார்ஜ் பெர்கோவிச் இந்திய அணுகுண்டு பத்தி எழுதினது 1999, ஆனா 2001 பேப்பர்பேக்ல பின்னுரை புதுசாச் சேர்த்திருக்கு, வெல ஒண்ணுன்னா பேப்பர்பேக்தான் நல்லது.

ஐஎஸ்பிஎன் நம்பர் (ஒவ்வொரு புத்தகப் பதிப்புக்கும் குடுக்குற உலகளாவிய அடையாள எண்) இருந்தா எந்த நாட்டுப் பதிப்புன்னு கண்டுபுடிக்கலாம். 2007ல இருந்து 13 இலக்கம், அதுக்கு முன்னாடி 10 இலக்கம். 13 இலக்கத்துல 978க்கு அடுத்து 81 இல்ல 93 வந்தா இந்தியா, 955 இலங்கை, 969 பாகிஸ்தான், 984 வங்காளதேசம், 967 இல்ல 983 நம்ம மலேசியா. 10 இலக்கமா இருந்தா ஆரம்பமே அந்த நம்பர்தான். நம்பரே இல்லைன்னா பெரும்பாலும் 1970க்கு முன்னாடி வந்ததா இருக்கும், தமிழ்ப் புத்தகத்துல அதுக்குப் பின்னாடியும் ரொம்ப காலம் நம்பர் போடாமலே விட்டிருக்காங்க. தெற்காசியாவுல மட்டும் விக்கணும்னு அச்சடிச்ச மலிவுப் பதிப்பு நெறைய இங்க சுத்துது, உள்ளடக்கம் அதேதான், காகிதம் மட்டும் கொஞ்சம் மட்டம், படிக்கிறதுக்கு அதுவே போதும்.

இந்தியாவுக்குள்ள போய் வந்த வெளிநாட்டுப் புத்தகம்னா மேப் இருக்கிற பக்கத்த திருப்பிப் பாருங்க. காஷ்மீர் இருக்கிற எடத்துல எல்லைக்கோடு சரியில்லைன்னு ஒரு ரப்பர் முத்திரை, ஊதா மையில, கொஞ்சம் சாஞ்சாப்ல குத்தியிருப்பாங்க, சில புத்தகத்துல அடுத்த பக்கத்துலயும் மை ஒட்டியிருக்கும். அத அழுக்குன்னு சொல்லி வெலையக் கொறைக்கலாம், ஆனா என்னைப் பொறுத்தவரைக்கும் அந்த முத்திரையே ஒரு ஆவணம்தான், ஒரு அரசாங்கம் ஒரு கோட்டுக்காக எவ்வளவு மெனக்கெட்டுச்சுன்னு அதுல தெரியுது.

படி 4: எழுதினவர் எங்க நின்னுகிட்டு எழுதினாருன்னு பாருங்க

பாதுகாப்பு பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஜெனரல், தூதர், உளவுத்துறை ஆளு, பத்திரிகைக்காரர், இல்லன்னா ஆய்வு நிறுவனத்துல சம்பளம் வாங்குறவர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம் இருக்கு. டெல்லியில 1965ல ஆரம்பிச்ச ஐடிஎஸ்ஏங்கிற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்குக் காசு குடுக்குறது இந்தியப் பாதுகாப்பு அமைச்சு, அதுக்காக அவங்க எழுத்த ஒதுக்கணும்னு இல்ல, தெரிஞ்சுகிட்டு படிக்கணும்.

இதுக்கு நல்ல வழி ஜோடியா வாங்குறது. 1962 இந்திய சீனப் போர எடுத்துக்கோங்க. மேல கோர் கமாண்டரா இருந்த பி.எம். கௌல் 1967ல தன் பக்கத்த எழுதினாரு. அவருக்குக் கீழ நம்கா சூ ஆத்தங்கரையில ஏழாவது பிரிகேட்ட வச்சுக்கிட்டு நின்னு, சீனாக்காரங்ககிட்ட கைதியானவர் ஜே.பி. டால்வி, அவரு 1969ல எழுதினாரு. அடுத்த வருஷம், 1970ல, நெவில் மேக்ஸ்வெல்ங்கிற வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் இந்தியா மேலதான் பெரும்பங்கு தப்புன்னு ஒரு புத்தகம் எழுதினாரு, இந்தியாவுல பெரிய சண்டையே ஆச்சு. இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒரே வாரம், 1962 அக்டோபர் நடுவுல என்ன நடந்துச்சுன்னு மட்டும் மூணுலயும் படிச்சுப் பாருங்க. ஒருத்தர் உத்தரவு மேல இருந்து வந்துச்சுன்னு சொல்லுவாரு, இன்னொருத்தர் காலுக்கு பூட்ஸ் இல்ல குளிருக்கு கோட் இல்லன்னு சொல்லுவாரு, மூணாவது ஆளு டெல்லியில யாரு என்ன நெனைச்சாங்கன்னு சொல்லுவாரு. அந்தப் போர விசாரிச்ச இந்திய ராணுவத்தோட சொந்த அறிக்கைய அரசாங்கம் இன்னும் முழுசா வெளியிடவே இல்ல, 2014ல மேக்ஸ்வெல் தங்கிட்ட இருந்த பகுதிய இணையத்துல போட்டாரு, அவ்வளவுதான். அதனால இந்தப் பழைய புத்தகங்கதான் இன்னைக்கும் சாட்சி.

இலங்கைக்கும் அப்படித்தான். கே.எம். டி சில்வா 1981ல எழுதின இலங்கை வரலாறு ஒரு பக்கம், ஏ. ஜெயரத்தினம் வில்சன் 1988ல இலங்கை உடையுறது பத்தி எழுதினது இன்னொரு பக்கம். வில்சன் இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவோட மருமகன், அதே சமயம் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனாவுக்கு அரசியலமைப்பு ஆலோசகராவும் இருந்தவர், ரெண்டு தரப்பு அறைக்குள்ளயும் உக்காந்தவர் எழுதினதுன்னு தெரிஞ்சு படிச்சா ஒவ்வொரு வரியும் வேற மாதிரி தெரியும்.

ஆண்டுப் புத்தகங்கள் பத்தி ஒரு வார்த்தை. லண்டன் ஐஐஎஸ்எஸ்ங்கிற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1959ல இருந்து எந்த நாட்டுகிட்ட எத்தன படை, எத்தன டாங்கின்னு வருஷா வருஷம் போடுது, ஸ்டாக்ஹோம்ல இருக்கிற அமைதி ஆய்வு நிறுவனமான சிப்ரியும் ஒரு ஆண்டுப் புத்தகம் போடுது. பழசு மலிவாக் கெடைக்கும். ஏதாவது ஒரு போர் நடந்த வருஷத்தோட பிரதி, 1965, 1971, 1999, இப்படி இருந்தா வாங்குங்க. மத்த வருஷத்துக்குக் காசு போட வேணாம், ஆயுத விற்பன கணக்கு 1950ல இருந்து சிப்ரி தளத்துலயே சும்மா பார்க்கலாம்.

படி 5: கையில எடுத்துப் பார்க்குற முறை

மொதல்ல மோந்து பாருங்க. பூஞ்சை வாசம் அடிச்சா பக்கத்த விரிச்சு தையல் பக்கம் வெள்ளையாவோ பச்சையாவோ மாவு மாதிரி இருக்கான்னு பாருங்க, இருந்தா அரிய புத்தகமா இருந்தாலொழிய வேணாம், வீட்டுல இருக்கிற மத்ததுக்கும் பரவும். பழுப்புப் புள்ளி மட்டும்னா பரவாயில்ல, நம்ம ஈரத்துக்கு அது வராம இருக்காது. ராமபாணம் துளைச்ச ஓட்டை எழுத்துல விழுந்திருக்கா, ஓரத்துல விழுந்திருக்கான்னு பாருங்க. தூள் புதுசா கொட்டுச்சுன்னா பூச்சி இன்னும் உள்ள இருக்குன்னு அர்த்தம். இந்தியப் பேப்பர்பேக்குல பசை காஞ்சு போயிருக்கும், முழுசா விரிச்சா கொத்தாக் கழண்டு வரும், அதனால பாதிதான் விரிக்கணும்.

மேப்புங்க, போட்டோ பக்கங்க எல்லாம் இருக்கான்னு உள்ளடக்கப் பட்டியலோட ஒத்துப் பாருங்க, போர்ப் புத்தகத்துல மேப் இல்லைன்னா பாதி போச்சு. லைப்ரரி முத்திரை இருந்தா, அவங்க கழிச்சு விட்டதுக்கான முத்திரையும் சேர்ந்து இருக்கணும், இல்லைன்னா அந்த லைப்ரரிக்கே கூப்பிட்டுக் கேக்குறது மரியாத.

முந்தின சொந்தக்காரர் எழுதினது, கோடு போட்டது இதெல்லாம் எனக்குக் கொறையாப் படல. ஒரு வீட்டுல எடுத்த புத்தகத்துல 1971 டிசம்பர் வங்காளதேசப் போர் நேரத்துப் பத்திரிகைத் துண்டு மடிச்சு வச்சிருந்துச்சு, அத வச்சிருந்த ரெண்டு பக்கமும் துண்டு இருந்த அளவுக்கு அப்படியே பழுப்பாகி இருந்துச்சு, ஓரத்துல பென்சில்ல தமிழ்ல "இவர் சொல்வது சரியல்ல"ன்னு அழகான கையெழுத்து. அது யாரோ ஒரு பெரியவர் டாக்கா விழுந்த செய்திய இந்தத் தோட்டத்துல உக்காந்து படிச்சு, புத்தகத்தோட வாதாடியிருக்காரு. அந்த மாதிரி துண்டுகள எடுத்து பிளாஸ்டிக் உறையில போட்டு, எந்தப் பக்கத்துல இருந்துச்சுன்னு ஒரு சீட்டுல எழுதி வைங்க, ஏன்னா பத்திரிகைக் காகிதத்துல இருக்கிற அமிலம் புத்தகத்தக் கெடுக்கும்.

படி 6: ஊர்ல கெடைக்காதத வெளிய தேடுறது

பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மேல் மாடியில பழைய புத்தகக் கடைங்க இருக்கு, இங்க இருந்து இடிஎஸ் ரயில் ஏறி பட்டர்வொர்த் எறங்கி ஃபெரியில போயிடலாம், ஒரு நாள் வேலதான். அடுக்கி வச்சிருக்கிற உயரத்தப் பார்த்து மலைக்காதீங்க, கடைக்காரர்கிட்ட "இந்தியா, சிலோன், ஹிஸ்டரி, ஆர்மி"ன்னு நாலு வார்த்த சொன்னா அவரே எடுத்துப் போடுவாரு. பெட்டாலிங் ஜெயாவுல ஆம்கார்ப் மால் வாரக்கடைசி சந்தையும் நல்லது. சென்னைக்குப் போறவங்க இருந்தா சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட் புத்தகக் கடைகளச் சொல்லி விடுங்க, பழைய மார்க்கெட் 1985ல எரிஞ்ச பின்னாடி மாறி வந்த கடைங்க அது.

இணையத்துல கெரௌசல், ஷாப்பி, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், வெளிநாட்டுக்கு ஏப்புக்ஸ், ஈபே. இங்க தேடுற வார்த்ததான் எல்லாமே. ஸ்ரீலங்கான்னு தேடுனா 1972க்கு முந்தினது மாட்டாது, சிலோன்னு போடுங்க. தமிழ்நாடுக்கு மெட்ராஸ், மியன்மாருக்கு பர்மா, வங்காளதேசத்துக்கு ஈஸ்ட் பாகிஸ்தான், நமக்கு மலாயா. விக்கிறவங்க "குட்"னு போட்டிருந்தா நல்லா அடிபட்ட பிரதின்னு எடுத்துக்கோங்க, "வெரி குட்"தான் நம்ம பாஷையில பரவாயில்ல ரகம். எக்ஸ் லைப்ரரின்னா முத்திரை, ஒட்டுச் சீட்டு எல்லாம் இருக்கும், வெல கொறையும், படிக்கிறவங்களுக்கு அதான் லாபம். பின்பக்கப் போட்டோ ஒண்ணு, தையல் பக்கம் ஒண்ணு, அந்தக் காப்பிரைட் பக்கம் ஒண்ணு, மூணு படம் அனுப்பச் சொல்லி வாங்காம காசு போடாதீங்க. கெட்டி அட்டைப் புத்தகம் ஒண்ணு சுலபமா ஒரு கிலோ வரும், தபால் செலவு புத்தக வெலையத் தாண்டிடும், அதனால ஒரே ஆளுகிட்ட மூணு நாலு சேர்த்து வாங்குங்க. 2024 ஜனவரியில இருந்து வெளிநாட்டுல ஆன்லைன்ல வாங்குற 500 வெள்ளிக்குள்ள இருக்கிற சாமானுக்கு 10 சதவீத வரி வந்திருக்கு, காசு கட்டுற பக்கத்துல மொத்தத் தொகைய ஒரு தடவ பார்த்துக்கோங்க.

வாங்குறதுக்கு முன்னாடி இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இருக்கான்னு பாருங்க, ஒரு அத்தியாயம் படிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். சிங்கப்பூர்ல தெற்காசியாவுக்குன்னே இருக்கிற ஐசாஸ் நிறுவனமும், பாதுகாப்புக்கு இருக்கிற ஆர்எஸ்ஐஎஸ்ஸும் கட்டுரைகள இலவசமாவே போடுறாங்க, புதுச் செய்திக்கு அது போதும், பழசுக்கு மட்டும் காசு செலவு பண்ணுங்க.

படி 7: சட்டம்

இத யாரும் சொல்றதில்ல, ஆனா இந்தத் துறையில கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கணும். 1984 அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்துல உள்துறை அமைச்சு ஒரு புத்தகத்தத் தடை பண்ணலாம். தடை பண்ணினத தகுந்த காரணம் இல்லாம வச்சிருந்தாலே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், விக்கிறதுக்கும் வெளிநாட்டுல இருந்து கொண்டு வர்றதுக்கும் மூணு வருஷம் வரைக்கும் சிறை, 20,000 வெள்ளி வரைக்கும் அபராதம் இருக்கு. சந்தேகமா இருந்தா அமைச்சோட தளத்துல தடைப் பட்டியல்ல தேடிப் பாருங்க.

ஈழம் பத்தி சேர்க்குறவங்க இன்னும் கவனமா இருக்கணும். விடுதலைப் புலிகள் இயக்கத்த மலேசியா 2014ல பயங்கரவாதப் பட்டியல்ல சேர்த்துச்சு. 2019 அக்டோபர்ல 12 பேர சொஸ்மாங்கிற பாதுகாப்புக் குற்றச் சட்டத்துல புடிச்சு உள்ள வச்சாங்க, 2020 பிப்ரவரியில வழக்கெல்லாம் வாபஸ் ஆச்சு, ஆனா அந்தக் குடும்பங்க பட்ட பாட்ட நாம பார்த்தோம். தண்டனைச் சட்டம் 130ஜேபி பிரிவு பயங்கரவாத அமைப்பு சம்பந்தப்பட்ட பொருள வச்சிருக்கிறதையே குத்தமாச் சொல்லுது. பல்கலைக்கழகப் பதிப்பகத்துல வந்த ஆய்வு நூல் வேற, இயக்கமே வெளியிட்ட பிரசுரம், சின்னம் போட்ட காலண்டர், சிடி வேற. பழைய பெட்டிக்குள்ள ரெண்டாவது ரகம் வந்துச்சுன்னா படம் எடுத்து குரூப்ல போடுற வேல வேணாம், விக்கவும் வேணாம், ஒரு வக்கீல்கிட்ட கேட்டுட்டு அப்புறம் முடிவெடுங்க.

படி 8: வீட்டுக்கு வந்த பின்னாடி

நேரா அலமாரியில வைக்காதீங்க. வெளிய அஞ்சடில (கூரை போட்ட நடைபாதையில) நிழல்ல வச்சு, மாஸ்க் போட்டுக்கிட்டு மெல்லிய பிரஷ்ஷால பக்கம் பக்கமா தட்டி விடுங்க. வெயில்ல காய வைச்சா காகிதம் முறுக்கிக்கும், ஃபேன் காத்து போதும். பூச்சி சந்தேகம் இருந்தா ஜிப் பையில காத்து இல்லாம மூடி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க, வெளிய எடுத்து ஒரு நாள் பையப் பிரிக்காம விடுங்க, இல்லன்னா மேல தண்ணி பிடிச்சுக்கும். கிழிஞ்ச பக்கத்துக்கு செலோடேப் ஒட்டவே ஒட்டாதீங்க, கொஞ்ச வருஷத்துல அது மஞ்சளாகி எழுத்தையே தின்னுடும். அந்தக் காலத்துல ஏட்டுக்கு வசம்பும் வேப்பிலையும் வச்சாங்க, காஞ்ச வேப்பிலைய துணியில முடிஞ்சு வைக்கிறதுல தப்பில்ல, பச்சை இலை வச்சா ஈரம்தான் சேரும். சிலிக்கா ஜெல் பாக்கெட், செவத்துல இருந்து நாலு விரல் தள்ளி அலமாரி, கீழ்த்தட்டு தரையில படாம இருக்கணும், கரையானுக்கு நம்ம தோட்டத்து மண்ணுல பஞ்சமே இல்ல.

ஒரு நோட்டு போட்டு ஆசிரியர், தலைப்பு, வருஷம், எந்த ஊர்ப் பதிப்பு, யார் வீட்டுல இருந்து வந்துச்சு, என்ன வெலைன்னு எழுதுங்க. யார் வீட்டுல இருந்துங்கிறத விட்டுடாதீங்க, நாளைக்கு அந்தத் தோட்டத்து வரலாறு எழுதுறவங்களுக்கு அந்த ஒரு வரிதான் உதவும். ரெண்டு பிரதி இருந்தா ஒண்ண இரவலுக்குன்னு தனியா வைங்க, பேரு, போன் நம்பர், தேதி எழுதி வாங்கிக்கிட்டு குடுங்க. ரொம்ப அரிதானது, உங்களுக்கே வச்சுப் பராமரிக்க முடியாதது இருந்தா மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு மொதல்ல ஒரு பட்டியல் அனுப்பிக் கேளுங்க, பெட்டியோட போய் வாசல்ல எறக்கக் கூடாது, எத எடுத்துக்கிறாங்கன்னு அவங்க சொன்ன பின்னாடி அத மட்டும் கொண்டு போய்க் குடுத்து, வாங்கினதுக்கு ஒரு கடுதாசி எழுதி வாங்கிட்டு வாங்க.